உலைக்குப் போகும் முன்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறமும் பிற்கால ரோமானியப் பொற்பதக்கங்களும்

1831ஆம் ஆண்டு பாரிஸ் அரச நூலகத்தின் நாணயப் பிரிவில் திருடர்கள் புகுந்தார்கள். அவர்கள் அள்ளிச் சென்றவற்றுள் பேரரசர் ஜஸ்டினியனின் பொற்பதக்கம் ஒன்றும் இருந்தது. கப்படோசியாவின் சிசேரியாவில், அதாவது இன்றைய துருக்கியின் கைசேரி நகரில், 1751இல் கிடைத்து பிரெஞ்சு மன்னரிடம் போய்ச் சேர்ந்த பதக்கம் அது. எடை ஏறத்தாழ 164 கிராம்; நம் வீட்டுக் கணக்கில் இருபதரைச் சவரன். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த வார்ப்பு ஒன்றின் துணையால் செய்த நகல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான், குதிரைமேல் அமர்ந்த ஜஸ்டினியனும் அவருக்கு முன்னே நடக்கும் வெற்றித் தேவதையும் இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

தங்கத்துக்குத் துருப் பிடிக்காது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் பொன் பொன்னாகவே இருக்கும். ஆனால் உலையில் இட்டால் சில நிமிடங்களில் முகமும் எழுத்தும் ஊரும் ஆண்டும் மறைந்து வெறும் கட்டியாகிவிடும். அதனால் பழைய பொற்பதக்கம் ஒன்றை இனங்காண்பதில் அறிவும் வேண்டும், விரைவும் வேண்டும். அந்த அறிவு பேரறிஞர்களிடம் மட்டும் இருந்தால் போதாது. முதலில் அதைக் கையில் எடுப்பவர் குழி வெட்டுபவராகவோ வீடு இடிப்பவராகவோ ஊர்ப் பொற்கொல்லராகவோதான் இருப்பார். பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. ரோமானியப் பணம் தென்னிந்தியாவுக்குள் நடமாடிய வழிகளில் முக்கியமான சில இந்த மலைகளினூடே சென்றன.

இரு வாசல்கள்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் ஆனைமலைத் தொடரும் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது கிழக்கே இருக்கும் தமிழ்நாட்டு எல்லை. பாலக்காட்டில் அந்த எல்லை ஒரு கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நின்று வழிவிடுகிறது. இடுக்கியில் அந்த எல்லை உயர்ந்த மலை விளிம்பு. குமுளி, போடிமெட்டு, மறையூர் என ஒற்றையடிப் பாதைகளும் பொதிமாட்டு வழிகளுமாக ஏறி இறங்கிய இடம்.

ஆறுகளைப் பார்த்தால் இந்த நிலத்தின் பொருள் விளங்கும். இடுக்கி மலைகளில் பெருகும் பெரியாறு மேற்கே இறங்கி, பழந்துறைமுகமான முசிறி என்று பலரும் கருதும் பட்டணம் அகழாய்வுத் தலத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் கலக்கிறது. அதே இடுக்கியில் மறையூரின் கற்திட்டைகளைக் கடந்து ஓடும் பாம்பாறோ கிழக்கே திரும்பி அமராவதியில் சேர்ந்து கரூருக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் சுருளியாறு வைகையோடு சேர்ந்து மதுரைக்குப் போகிறது. வெள்ளியங்கிரி மலையடியில் பிறக்கும் நொய்யல், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வெள்ளலூரையும் அதற்கப்பால் கொடுமணலையும் தொட்டு ஓடுகிறது. மிளகு விளைந்த மலை, பச்சைக்கல் எடுத்த கொங்கு நாடு, கப்பல் நின்ற மேலைக்கரை ஆகிய மூன்றையும் இணைக்கும் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கண்டெடுத்த காசுகளும் இதையே சொல்கின்றன. 1842இல் வெள்ளலூரில் ஒரு பானையிலிருந்து 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன. கணவாய்க்கு மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1946இல் 12 பொற்காசுகளும் 71 வெள்ளிக் காசுகளும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்து கிடைத்தன. 1983இல் வடக்குப் பரவூரை அடுத்த வள்ளுவள்ளியில் 252 பொற்காசுகள் ஒரே புதையலாக வந்தன. இடுக்கி மலைக்கு ஏறும் வழியிலுள்ள பூஞ்சாறிலிருந்தும் ரோமானியப் பொற்காசுகள் பதிவாகியுள்ளன.

இவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மேற்சொன்ன பெரும் புதையல்கள் அகஸ்டஸ் காலம் தொடங்கி இரண்டாம் நூற்றாண்டு வரையான பேரரசர்களுக்கு உரியவை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்கு வரும்போது பொன் அரிதாகிறது, செம்பு பெருகுகிறது. கரூரின் அமராவதி மணலிலும் மதுரையின் வைகை மணலிலும் அள்ளிய சின்னஞ்சிறு செப்புக் காசுகளில் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ், தியோடோசியஸ் முதலியோரின் முகங்கள் உள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இந்தச் செப்புக் காசுகளுக்கென்றே அமைந்தது. பாம்பாறும் சுருளியாறும் போய்ச் சேரும் அதே இரண்டு ஊர்களில்தான் அவை திரண்டு கிடைத்தன. ஆகவே பிற்கால ரோமானியப் பணம் இந்த எல்லையைச் சுற்றி நடமாடியது உறுதி. பொற்பதக்கம் நடமாடியதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதக்கம் என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

காசு அல்ல, கொடை

ரோமானியப் பதக்கம் கடைவீதிச் செலவுக்கு அடித்தது அன்று. பேரரசர் அரியணை ஏறிய நாள், பத்தாம், இருபதாம் ஆண்டு நிறைவு, ஒரு நகரத்துக்குள் வெற்றியோடு நுழைந்த நாள், ஆட்சித் தூதர் பதவியேற்பு போன்ற தருணங்களில் படைத்தலைவர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் எல்லைக்கு அப்பாலிருந்த மன்னர்களுக்கும் தம் கையால் அளித்த கொடை அது. ஆனாலும் அதன் எடை பணத்தின் எடையோடு பிணைந்தே இருந்தது. இனங்காணலில் இந்தப் பிணைப்பு பெரிதும் உதவுகிறது.

அகஸ்டஸ் காலத்துப் பொற்காசான ஆரியஸ் ஏறத்தாழ 7.9 கிராம், கிட்டத்தட்ட ஒரு சவரன். நீரோ அதை 7.3 கிராம் அளவுக்குக் குறைத்தார். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் டயக்ளீஷியன் ஒரு ரோமானிய ராத்தல் பொன்னை 60 காசாக்கினார். ஒன்றின் எடை 5.4 கிராம். கான்ஸ்டன்டைன் அதே ராத்தலை 72 காசாக்கினார். ஏறத்தாழ 4.5 கிராம் எடையுள்ள அந்தக் காசுதான் சோலிடஸ். பல நூற்றாண்டுகளுக்கு மத்தியதரைக் கடல் உலகின் அளவுகோலாக அது நின்றது.

பதக்கம் இந்த அலகின் மடங்கு. ஒன்றரைச் சோலிடஸ் என்றால் 6.7 கிராம் அளவு, இரண்டு என்றால் 9, நாலரை என்றால் 20, ஒன்பது என்றால் 40 கிராம். மிலானுக்கு அருகிலுள்ள டிசினம் நகரில் 313இல் அடித்த கான்ஸ்டன்டைனின் புகழ்பெற்ற பதக்கம் ஒன்பது சோலிடஸ். பாரிஸில் உள்ள அதன் எடை 39.79 கிராம், ஐந்து சவரனை ஒட்டியது. ஜஸ்டினியனின் தொலைந்த பதக்கம் 36 சோலிடஸ், அதாவது அரை ராத்தல். 1922இல் பிரான்ஸின் அராஸ் நகரை அடுத்து கிடைத்த, கான்ஸ்டன்டைனின் தந்தை கான்ஸ்டான்டியஸ் குளோரஸின் பதக்கம் ஏறத்தாழ 53 கிராம். அதைச் சோலிடஸ் கணக்கில் வகுத்தால் பன்னிரண்டு என்று வரும். டயக்ளீஷியனின் கணக்கில் வகுத்தால் பத்து ஆரியஸ் என்றும் பொருந்துகிறது; அவர் மகனின் சோலிடஸுக்கு முற்பட்டவர் என்பதால் பின்னதே சரி. தராசு மடங்கைக் காட்டும்; அது எந்தத் தலைமுறைப் பதக்கம் என்று முடிவு செய்ய முகத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் முதல் கேள்வி எடை. கையிலிருக்கும் வட்டு எத்தனை கிராம்? தொங்கவிடப் பிற்காலத்தில் பற்றவைத்த வளையமும் சட்டமும் இருந்தால் அவற்றுக்கு ஒரு மதிப்பீடு கழிக்க வேண்டும், தேய்மானத்துக்குச் சற்றே கூட்ட வேண்டும். எந்த மடங்குக்கும் அருகில் வராத எடை ஐயத்துக்கு உரியது. சரியாக 8 கிராமிலோ அதன் மடங்கிலோ நிற்கும் எடை இன்னும் கூடுதலான ஐயத்துக்கு உரியது. அது பெரும்பாலும் நம் காலச் சவரனைக் கணக்கிட்டுச் செய்த நகையாக இருக்கும்.

முகமும் எழுத்தும்

அடுத்தது படிப்பு. பதக்கத்தின் எழுத்து இலத்தீன். அந்த மொழி தெரியாதவரும் எழுத்தெழுத்தாகப் பிரதி எடுக்கலாம். பழைய பேரரசர்களின் பெயருக்கு முன் ஐ, எம், பி என்ற மூன்றெழுத்து வரும். 'படை வென்ற தலைவர்' என்ற சொல்லின் சுருக்கம். நான்காம் நூற்றாண்டு நகர நகர அந்த இடத்தை டி, என் என்ற இரண்டெழுத்து பிடித்துக்கொள்கிறது. 'நம் ஆண்டவர்' என்று பொருள். ஆட்சியின் இயல்பே மாறியதை இந்த மாற்றம் காட்டுகிறது. காலத்தைக் கணிக்க அது கைகொடுக்கும்.

முகமும் மாறுகிறது. முற்காலப் பேரரசர் தலையில் இலை மாலை இருக்கும். கான்ஸ்டன்டைனின் பிற்பகுதியிலிருந்து முத்தும் மணியும் கோத்த பட்டம் ஏறுகிறது. தோளில் ஊசி குத்திய போர்வை, கையில் ஈட்டி, கேடயம், சில பதக்கங்களில் தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஐந்தாம் நூற்றாண்டை நெருங்க நெருங்க, பக்கவாட்டில் பார்த்த முகம் நம்மை நேருக்கு நேர் பார்க்கத் தொடங்குகிறது. பின்பக்கத்தில் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் இரண்டு பெண்களாக அரியணையில் அமர்ந்திருப்பது, பேரரசர் குதிரைகள் பூட்டிய தேரில் நேர்முகமாக நிற்பது போன்ற காட்சிகள் வரும். 'ரோமானியரின் பெருமை' என்ற பொருளுடைய குளோரியா ரோமனோரம் என்ற வாசகம் அடிக்கடி காணப்படும். கான்ஸ்டான்டிநோபிள் 330இல்தான் புதுத் தலைநகராகத் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பேரரசர் ஒருவரின் முகத்துக்குப் பின்னால் அந்த நகரத்தின் பெயர் வந்தால் பொருள் போலி என்று அங்கேயே முடிவாகிவிடும்.

பின்பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே நாலைந்து எழுத்து. அதுதான் அக்கசாலையின் குறி. எஸ், எம் என்று தொடங்கினால் 'புனித அக்கசாலை'. அதை அடுத்து ஊரின் பெயர்ச்சுருக்கம்: டிரியர், அந்தியோக், தெசலோனிகா. 360களின் இறுதியில் வாலன்டினியன் காலத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஓ, பி என்ற இரண்டெழுத்து சேர்கிறது. 'புடமிட்ட பொன்' என்ற சொல்லின் தொடக்கம் அது. கிரேக்க எண்முறையில் 72 என்றும் படிக்கலாம். ஒரு ராத்தலுக்கு 72 என்ற கணக்கும் பொன்னின் தூய்மையும் இரண்டே எழுத்தில் அடங்கிவிட்டன. இந்தக் குறி இருந்தால் பொருள் அந்தச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியது. கான்ஸ்டன்டைனின் முகத்தோடு இந்தக் குறி சேர்ந்து வந்தால் அந்த இணைப்பு வரலாற்றில் நடந்திருக்க முடியாது.

இப்படிப் பேரரசர், வாசகம், காட்சி, குறி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். பிரான்செஸ்கோ ஞெக்கி 1912இல் ரோமானியப் பதக்கங்களைத் தொகுத்தார். ஜாஸ்லின் டாயின்பி 1944இல் அவற்றின் வரலாற்றை எழுதினார். கான்ஸ்டன்டைனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் பேட்ரிக் புரூன், ஜே.பி.சி. கென்ட் ஆகியோர் அக்கசாலை வாரியாக அட்டவணை அமைத்தார்கள். நாம் எழுத்தெழுத்தாக எடுத்த பிரதியை ஓர் அறிஞர் இந்த அட்டவணைகளோடு ஒப்பிட்டால் வழக்கமான இணைப்பு எது, நடக்கவே முடியாத இணைப்பு எது என்று தெரிந்துவிடும்.

பொன்னைக் கேட்பது

மூன்றாவது கேள்வி உலோகம் பற்றியது. இங்கே நம் வழக்கம் ஒன்றைத் தள்ளி வைக்க வேண்டும். பொன் கிடைத்தால் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பது நமக்குப் பழகிய செயல். நகைக்கு அது சரி. ஆனால் பதக்கத்தின் விளிம்பில் இழுக்கும் ஒரு கோடு, ஆயிரத்தைந்நூறு ஆண்டு காத்திருந்த சான்றின்மேல் விழும் கீறல். அமிலமும் வேண்டாம், பிரஷ்ஷும் புளியும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்கூட ஒரு சான்று.

காயப்படுத்தாத வழிகள் உண்டு. நீரில் மூழ்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது மிகப் பழையது, எளியது. தூய பொன் நீரைவிட 19.3 மடங்கு கனம். 20 கிராம் பொற்பதக்கத்தை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் எடை ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலாகக் குறையும். அதே 20 கிராம் பித்தளையில் பொன்முலாம் பூசியதாக இருந்தால் இரண்டு கிராமுக்கு மேல் குறையும். டங்ஸ்டனைப் பொதிந்து செய்த நவீன ஏமாற்றை மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. அதன் அடர்த்தி பொன்னுக்கு அருகில் இருக்கிறது.

இன்று அடகுக்கடைகளில்கூட கேரட் மீட்டர் இருக்கிறது. ஊடுகதிரால் மேற்பரப்பின் கலவையைச் சொல்லும் கருவி அது, பொருளைத் தொடுவதில்லை. பிற்கால ரோமானிய அக்கசாலைப் பொன் பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுடையது. வாலன்டினியனின் சீர்திருத்தத்துக்குப் பிறகு இன்னும் உயர்ந்தது. கருவி 91.6 என்று காட்டினால், நம் நகைக்கடைகளின் 916 முத்திரைதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உயர்ந்த பொன்னில் நேற்றுச் செய்த நகலும் உண்டு; தாழ்ந்த பொன்னில் பழங்காலத்திலேயே செய்த நகலும் உண்டு.

பிறகு உருப்பெருக்கியை எடுக்க வேண்டும். பதக்கம் அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்தது. அடியின் வேகத்தில் பொன் எழுத்துகளைச் சுற்றி வெளிப்புறமாக ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும். வார்த்துச் செய்ததில் ஓரங்கள் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் நிற்கும். விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த தையல்கோடு இருக்கும், அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் இருக்கும். ஒரே கீறலும் ஒரே நெளிவும் கொண்ட இரண்டு 'பழங்காசு'கள் சந்தையில் தென்பட்டால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் படுவா நகரத்து ஜியோவன்னி டா கவினோ ரோமானியப் பதக்கங்களைப் போல் தாமே அச்சு வெட்டி அடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த போலிகள் தேர்ந்த சேகரிப்பாளர்களையே ஏமாற்றின. அவர்கள் அச்சு வெட்டி அடித்தவர்கள் என்பதால் வார்ப்புத் தடயம் எதுவும் கிடைக்காது. அங்கே அறிஞரின் கண் ஒன்றே துணை.

துளையும் வளையமும்

நம் நாட்டில் கிடைக்கும் பழம் பொற்காசுகளுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு: அவற்றின் இரண்டாம் வாழ்க்கை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளி போட்ட வெட்டு இருக்கிறது. இங்கே வந்து சேர்ந்த பிறகு இங்குள்ள கை வைத்த அடையாளம் அது. பிற்காலச் சோலிடஸ்களிலோ முகத்தின் தலைக்கு மேலே பக்கம் பக்கமாக இரண்டு துளைகளைப் பல காசுகளில் காணலாம். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து அக்கி ஆலூரில் கிடைத்த பிற்கால ரோமானியப் பொற்காசுப் புதையல் இவ்வகை ஆய்வுக்கு முக்கியமானது. இரண்டு துளையில் நூல் கோத்தால் முகம் சாயாமல் நேராக நிற்கும். கோத்தவருக்கு முகம் முக்கியமாக இருந்திருக்கிறது. பெயர் தெரியாத ஓர் அயல்நாட்டு அரசனின் முகத்தை நேராக நிறுத்திக் கழுத்தில் அணிந்துகொண்டவர்கள் நம் முன்னோர்.

துளையைக் கண்டதும் 'கெட்டுப்போன காசு' என்று ஒதுக்குவது வியாபாரியின் பார்வை. ஆய்வாளருக்குத் துளை ஒரு வரி. எந்தப் பக்கத்திலிருந்து குத்தினார்கள், துளையின் ஓரம் நூலால் தேய்ந்து வழவழத்ததா, அல்லது நேற்று இயந்திரத்தால் துளைத்துக் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த துளை பல ஆண்டுக் கழுத்தைச் சொல்லும்.

நகலையும் போலியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோமானியக் காசைப் பார்த்து இந்தியக் கைவினைஞர் பழங்காலத்திலேயே செய்தவை உண்டு. அவற்றில் முகம் நன்றாக இருக்கும். எழுத்து மட்டும் படிப்படியாகக் குச்சிகளாகவும் வட்டங்களாகவும் சிதைந்திருக்கும். செய்தவர் படித்துச் செய்யவில்லை, பார்த்துச் செய்தார். ஐரோப்பாவின் மறுமுனையிலும் இதுவே நடந்தது. 1797இல் இன்றைய ருமேனியாவின் ஷிம்லெவ் சில்வானியெயில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கும் புதையலில், வளையமும் சட்டமும் பூட்டிய உண்மையான பேரரசுப் பதக்கங்களோடு அவற்றைப் பார்த்து எல்லைக்கு அப்பாலிருந்தவர்கள் செய்த நகல்களும் இருந்தன. ஸ்காண்டிநேவியாவில் அதே ஆர்வம் பிராக்டியேட் என்ற மெல்லிய பொற்தகட்டுப் பதக்கமாக வளர்ந்தது. சிதைந்த எழுத்துள்ள ஒரு வட்டு எல்லைப்புறத்தில் கிடைத்தால் அதைப் போலி என்று தள்ளினால் பெரிய இழப்பு. அது ரோமில் அடித்ததைவிட நம் வரலாற்றுக்கு நெருக்கமானதாக இருக்கலாம்.

எப்படி வந்திருக்கும்?

இந்த எல்லைப்புறத்தில் நான்காம் நூற்றாண்டுப் பெரும்பதக்கம் ஒன்று கிடைத்தால் வணிகத்தை மட்டும் சொல்லி விளக்க முடியாது. மிளகு வாங்க ஒன்பது சோலிடஸ் பதக்கம் கொடுக்க மாட்டார்கள். அது கொடை என்பதால் தூதுவர் வழி ஒன்றை எண்ண வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தூதுகளுக்குச் சான்று உண்டு. கான்ஸ்டன்டைனின் இறுதிக் காலத்தில் இந்தியத் தூதர்கள் மணிகளோடும் விலங்குகளோடும் வந்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதுகிறார். ஜூலியன் ஆட்சியில், 362ஐ ஒட்டி, இலங்கையைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் செரெண்டிவியிலிருந்தும் தூது வந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் பதிந்திருக்கிறார். இத்தகைய தூதருக்கு என்ன மாதிரிக் கொடை கிடைத்திருக்கும் என்பதற்கு வேறொரு எல்லையிலிருந்து உதாரணம் இருக்கிறது. 581ஐ ஒட்டி, பேரரசர் திபேரியஸ் பிராங்கு மன்னர் சில்பெரிக்குக்கு அனுப்பிய பதக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு ராத்தல் எடை என்று, அவற்றை நேரில் பார்த்த தூர் நகர ஆயர் கிரெகரி எழுதியிருக்கிறார்.

ஆறாம் நூற்றாண்டு வணிகரான காஸ்மாஸ் மலபாரின் மிளகுத் துறைகளை வரிசைப்படுத்துகிறார். இலங்கை அரசன் முன் சோபாத்ரோஸ் என்ற வணிகர் ரோமானியப் பொற்காசையும் பாரசீகர் ஒருவர் தம் நாட்டு வெள்ளிக் காசையும் வைத்து, எந்த மன்னர் பெரியவர் என்று அவனையே முடிவு செய்யச் சொன்ன கதையும் அவரிடம் இருக்கிறது. அரசன் பளபளப்பும் வடிவழகும் கொண்ட பொற்காசின் பக்கமே நின்றான். வெளிநாட்டுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்த காசுகளையே கொண்டுவந்தார்கள் என்றும் காஸ்மாஸ் சேர்த்துச் சொல்கிறார். இந்தியப் பெருங்கடலின் கரையில் ஒருவர் ரோமானியப் பொன்னைக் கையில் எடுத்து, பார்த்து, எடைபோட்டு மதிப்பிட்ட காட்சி இது. நாம் இன்று செய்ய முயல்வதும் அதே செயல்தான்.

எனவே இங்கே பதக்கம் கிடைப்பது அரிது, நடக்க முடியாதது அன்று. அரிது என்பதால் ஒவ்வொரு வட்டையும் முதலில் எளிய விளக்கங்களோடு ஒப்பிட வேண்டும்: விக்டோரியா காலச் சவரன், காசுமாலையின் வில்லை, கேரளத்து நகைகளில் மிகுந்திருந்த வெனிஸ் நகரப் பொற்காசு, பிற்கால வார்ப்பு. இவை எல்லாவற்றையும் கடந்து நிற்பதே பிற்கால ரோமானியம் என்ற பெயருக்கு வேட்பாளர்.

இப்படி ஒப்பிடும்போது கூடவே கிடைத்தவை எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயில் நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளர்கள் ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டியபோது ஒரு பாத்திரம் கிடைத்தது. வெடிகுண்டோ என்று முதலில் அஞ்சினார்கள். திறந்தபோது முத்துமணிகள், பொன் வில்லைகள், காசுமாலைப் பதக்கங்கள், மோதிரங்கள், வெள்ளிக் காசுகள். அவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். தொல்லியல் துறை ஆராய்ந்து, வெனிஸ் காசு, வீரராயன் பணம், கண்ணூர் அலி ராஜாவின் காசு என அடையாளம் கண்டு, பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையான சேர்க்கை என்றது. எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தே இருந்ததால்தான் காலத்தைச் சொல்ல முடிந்தது. பொன் வில்லை மட்டும் தனியாகப் பொற்கொல்லரிடம் போயிருந்தால் அந்தக் குழியின் கதை முழுவதும் அழிந்திருக்கும்.

அராஸ் புதையலில் இதற்கு நேர்மாறானது நடந்தது. மண் வெட்டியவர்கள் கையிலும் வியாபாரிகள் கையிலுமாகப் பொருள்கள் உடனே சிதறின. எது எதோடு கிடந்தது என்பதை மீண்டும் ஒட்டி எழுப்ப பியர் பாஸ்தியனும் கேத்ரின் மெட்ஸ்கரும் 1977இல் ஒரு பெரிய நூலே எழுத வேண்டியிருந்தது. அரைநூற்றாண்டுக்குப் பின்னும் ஓரளவுதான் மீட்க முடிந்தது.

கையில் எடுத்தவர் செய்ய வேண்டியது

பாலக்காட்டுக் கணவாயின் தென்னந்தோப்பிலோ மறையூர் மலைச்சரிவிலோ இப்படி ஒரு பொன்வட்டு வெளிப்பட்டால், அது கிடந்த இடத்தை முதலில் காக்க வேண்டும். எத்தனை அடி ஆழம், எந்த மண், கூட இருந்த பானை ஓடு, மணி, சாம்பல் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பானை ஓட்டுக்கு விலை இல்லை, ஆனால் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அதுதான். பொன்னைக் கழுவாமல், தேய்க்காமல், ஓர் அளவுகோலை அருகில் வைத்து இரு பக்கமும் விளிம்பும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். சிறிய தராசில் எடை பார்க்க வேண்டும். தாளில் எழுத்துகளைப் பார்த்தபடி வரைய வேண்டும்.

பிறகு சட்டம் காட்டும் வழி. எல்லைக்கு இப்புறம் தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். அப்புறம் கேரளத்தில் 1968ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த காசு எதுவானாலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் கண்டெடுத்தவரின் பொன்னைப் பிடுங்குகிறது என்ற அச்சம் ஊரில் இருக்கிறது. பழைய சட்டமேகூட கண்டவருக்குப் பங்கு வகுத்திருக்கிறது. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரச் சொல்கிறது. இது ஒவ்வொரு ஊராட்சியிலும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டிய செய்தி என்பது என் உறுதியான எண்ணம். அச்சம்தான் பொருளை உலைக்கு விரட்டுகிறது.

எல்லைப்புறத்தின் பொற்கொல்லர்களுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. முதல் சந்தேகம் எழ வேண்டிய கண் அவர்களுடையது. மாற்றுப் பார்க்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு எழுத்தும் குறியும் தெரிந்துவிட்டால் ஒரு மாவட்டத்தின் வரலாறு தப்பும். பாரிஸில் தொலைந்த ஜஸ்டினியன் முகத்தை நாம் இன்றும் பார்ப்பதற்கு யாரோ ஒருவர் எடுத்து வைத்த வார்ப்பே காரணம். இங்கே உலை மூட்டும் முன் இரு பக்கமும் ஒரு படம், ஓர் எடை, கிடைத்த இடத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தால், பாம்பாறும் சுருளியாறும் நொய்யலும் கொண்டுவந்த கதையில் இன்னும் ஒரு பக்கம் நம்மிடம் இருக்கும்.